குரூகரில் நாமே கார் ஓட்டி சஃபாரி: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் நாள் 190 கிலோமீட்டர் ஓட்டினேன். பின்சீட்டில் பிள்ளைகள் இரண்டு பேரும் சண்டை போட்டுக் களைத்துத் தூங்கிவிட்டார்கள், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, கண்ணில் பட்டதெல்லாம் இம்பாலா மான்களும் எங்களைப் போலவே எதையோ தேடி ஓடிக்கொண்டிருந்த மற்ற கார்களும்தான். நான்காம் நாள் காலையில் மொத்தம் 30 கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை. ஒரு குளத்தங்கரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பிளாஸ்கில் இருந்த காபியை ஊற்றிக் குடித்தபடி முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். நீர்யானை, முதலை, குட்டிகளோடு தண்ணீர் குடிக்க வந்த யானைக் கூட்டம் என்று எல்லாம் தானாக வந்து சேர்ந்தன. இந்த வித்தியாசம் எனக்குப் புரிய மூன்று நாள் வீணானது. உங்களுக்கு வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடம் தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்கா. 1898-இல் சாபி வனவிலங்குக் காப்பகமாகத் தொடங்கி 1926-இல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு சுமார் 19,500 சதுர கிலோமீட்டர், அதாவது நம் முதுமலைப் புலிகள் காப்பகத்தைப் போல ஏறக்குறைய 28 மடங்கு. முதுமலையில் வனத்துறை வண்டியில் ஏறித்தான் காட்டுக்குள் போக முடியும். குரூகரில் சாதாரண வாடகைக் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு காலை முதல் மாலை வரை சுற்றலாம், ராத்திரி வேலி போட்ட கேம்ப்புக்குள் வந்து தூங்கலாம். அங்கேயும் நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

எப்போது போவது

மே முதல் செப்டம்பர் வரை அங்கே வறண்ட காலம். புல் காய்ந்து தாழ்ந்துவிடும், புதர்களில் இலை குறைந்துவிடும், உள்காட்டுக் குட்டைகள் வற்றுவதால் மிருகங்கள் ஆற்றுக்கும் அணைக்கும் வந்தே ஆக வேண்டும். முதல் தடவை போகிறவர்களுக்கு இதுதான் சரியான காலம். மலேரியாக் கொசுவும் குறைவு. நம் பள்ளிகளின் கோடை விடுமுறையில் மே மாதம் இதற்குள் வருவது நமக்கு அதிர்ஷ்டம். ஜூன் கடைசி, ஜூலை வாக்கில் அந்த ஊர்ப் பள்ளி விடுமுறை வரும்போது கூட்டம் அதிகம், அறை கிடைப்பது கஷ்டம்.

டிசம்பர், ஜனவரி வேறு உலகம். எல்லாம் பச்சை, இம்பாலாக் குட்டிகள் எங்கு பார்த்தாலும் துள்ளும், வலசை வரும் பறவைகள் வந்து இறங்கியிருக்கும். ஆனால் வெயில் 40 டிகிரியைத் தொடும், ஆளுயரப் புல்லுக்குள் சிங்கம் பத்தடியில் படுத்திருந்தாலும் தெரியாது. மழை வலுத்தால் தாழ்பாலங்கள் மூழ்கிப் பாதைகளை அடைத்துவிடுவார்கள். பறவை பார்க்கிறவர்கள் அப்போது போகலாம். சிங்கம் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கும் எட்டு வயதுப் பையன் வீட்டில் இருந்தால் மே மாதம் போங்கள்.

ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்துக் கம்பளிச் சட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள். மே முதல் ஆகஸ்ட் வரை விடியற்காலையில் ஊட்டிக் குளிர் அடிக்கும், பத்து மணிக்கு மேல் டி-சர்ட் போதும்.

அறை முன்பதிவு: இதுதான் முதல் வேலை

விமான டிக்கெட்டுக்கும் முன்னால் அறையைப் பாருங்கள். பூங்காவின் கேம்ப்புகளை நடத்துவது தென்னாப்பிரிக்க தேசியப் பூங்காக்கள் அமைப்பு. அவர்களுடைய இணையதளத்திலேயே நேரடியாகப் பதியலாம், 11 மாதம் முன்பே திறந்துவிடுவார்கள். ஆற்றைப் பார்த்த குடில்கள் திறந்த சில நாட்களில் போய்விடும். கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துவிட வேண்டாம், ரத்து செய்கிறவர்கள் நிறைய. எங்களுக்கு லோயர் சாபி கிடைத்தது, தினமும் சாப்பிட்டதும் ஒருமுறை இணையதளத்தைத் திறந்து பார்க்கும் பழக்கத்தால்தான்.

எந்த கேம்ப் என்று கேட்டால், முதல் பயணத்துக்கு என் பதில் ஒன்றுதான்: லோயர் சாபியில் மூன்று ராத்திரி, சதாராவில் மூன்று ராத்திரி. முன்னது சாபி ஆற்றங்கரையில் இருக்கிறது. அதைச் சுற்றி யானை, எருமை, நீர்யானை எல்லாம் ஏராளம், ஆற்றோர மரங்களில் சிறுத்தைக்கும் வாய்ப்பு. சதாரா சமவெளி, அதைச் சுற்றி மேயும் கூட்டங்கள் அதிகம், அவற்றை நம்பி சிங்கமும் அதிகம். (அந்தப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள்: நிலத்தை அளந்தவரின் இந்திய உதவியாளர் அந்தத் துண்டுக்கு இந்தியில் பதினேழு என்று எழுதி வைக்க, அதுவே மருவி சதாரா ஆனதாம்.) ஸ்குகூசா எல்லாவற்றிலும் பெரிய கேம்ப், டாக்டர்கூட இருக்கிறார், ஆனால் எனக்கு அது ஒரு சின்ன டவுன் மாதிரி இருந்தது. பூங்கா முழுவதையும் ஒரே வாரத்தில் வடக்கு முனை வரை பார்த்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கேம்ப் போட்டால், பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதும்தான் உங்கள் சஃபாரி.

வாடகை தவிர, ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வனப் பாதுகாப்புக் கட்டணம் உண்டு. வெளிநாட்டவருக்கு அது உள்ளூர்க்காரர் கட்டுவதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. சிறு பிள்ளைகளுக்குப் பாதி. ஐந்து பேர் ஆறு நாள் என்றால் கூட்டிப் பார்க்கும்போது கொஞ்சம் நெஞ்சடைக்கும். வைல்ட் கார்டு என்று ஓர் ஆண்டுச் சீட்டு இருக்கிறது, குடும்பத்துக்கு ஒன்று வாங்கினால் தினக் கட்டணம் கிடையாது. ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதானால் இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதை வாங்குங்கள்.

விசா, மருந்து

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். பிள்ளைகளுடைய பிறப்புச் சான்றிதழ் பெற்றோர் இருவர் பெயரோடு கையில் இருக்கட்டும். அப்பா, அம்மாவில் ஒருவர் வரவில்லை என்றால் அவருடைய சம்மதக் கடிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை, துபாய், தோஹா, அடிஸ் அபாபா என்று எங்காவது மாற வேண்டும். எத்தியோப்பியா, கென்யா போன்ற மஞ்சள் காய்ச்சல் நாடுகளில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கி மாறினால் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று பதியும் முன் இதைப் பாருங்கள்.

குரூகர் மலேரியாப் பகுதி. குளிர்காலத்தில் (அங்கே மே முதல் ஆகஸ்ட் வரை) ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. தடுப்பு மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், பிள்ளைகளுக்கு எடை பார்த்துத்தான் அளவு, எட்டு வயதுக்குக் கீழ் தரக்கூடாத மாத்திரையும் உண்டு. சாயங்காலம் முழுக்கைச் சட்டை, கொசு விரட்டி. ஊர் திரும்பிய சில வாரங்களில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா போய் வந்ததை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கார்

ஜீப் வேண்டாம். பூங்காவின் முக்கியப் பாதைகள் தார் ரோடு, கிளைப் பாதைகள் பெரும்பாலும் நன்றாகப் பராமரித்த மண் ரோடு, சாதாரண காரே போகும். ஆனால் கொஞ்சம் உயரமான வண்டி கிடைத்தால் எடுங்கள். அரை அடி உயரம் கூடினாலே புல்லுக்கு மேல் பார்வை போகும், பின்சீட்டுக் குழந்தைக்கும் ஜன்னல் எட்டும். ஐந்து பேருக்கு ஐந்து பேர் வண்டி எடுத்தால் நடுவில் உட்காருகிறவர் ஆறு நாளும் புலம்புவார். நாங்கள் அந்தத் தப்பைச் செய்தோம், புலம்பியது என் மனைவி.

ஓட்டுநர் பெயரில் கிரெடிட் கார்டு இல்லாமல் வண்டி தர மாட்டார்கள். நம் லைசன்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வையுங்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தனி இருக்கை அங்கே சட்டம். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது டயரும் கண்ணாடியும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். வண்டியை எடுக்கும்போதே நான்கு பக்கமும், டயரும், முன்கண்ணாடியும் வீடியோ எடுங்கள். நாங்கள் வண்டியை வாங்கும்போதே கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி இருந்தது, நான் கவனிக்கவில்லை, திருப்பிக் கொடுக்கும்போது அது எங்கள் கணக்கில் ஏறியது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக் இருக்கிறதா என்றும் பாருங்கள், காட்டுக்குள் போய்த் தேட முடியாது.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து உள்ளே

விமானம் காலையில் இறங்குகிற மாதிரிப் பதியுங்கள். என்4 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் சுமார் 330 கிலோமீட்டரில் ம்போம்பேலா, பழைய பெயர் நெல்ஸ்ப்ரூய்ட். நல்ல ரோடு, இடையில் டோல் கேட்டுகள் வரும். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள்: குழி, மாடு, விளக்கில்லாத வண்டி, அதோடு நம் பாதுகாப்பும் ஒரு கவலை. நகரத்தில் சிக்னலில் நிற்கும்போது பை, போன் எதுவும் ஜன்னல் பக்கம் தெரிய வேண்டாம்.

அன்றைக்கே பூங்காவுக்குள் நுழையப் பார்க்க வேண்டாம். மே முதல் ஜூலை வரை மாலை 5:30 மணிக்கே கேட்டைச் சாத்திவிடுவார்கள். ராத்திரி விழித்துப் பறந்து வந்த களைப்பில் நேரத்தோடு பந்தயம் கட்டக் கூடாது. முதல் ராத்திரி ம்போம்பேலாவிலோ, மலேலானிலோ, கோமட்டிபூர்ட்டிலோ தங்கி, மறுநாள் காலை குரோக்கடைல் பிரிட்ஜ் கேட்டில் நுழையுங்கள். அங்கிருந்து லோயர் சாபி 34 கிலோமீட்டர்தான். கேம்ப்பில் மதியம் இரண்டு மணிக்குத்தான் அறைச் சாவி தருவார்கள், அதனால் அந்த 34 கிலோமீட்டருக்கு முழு முற்பகல் இருக்கிறது. நுழைவுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், வெளியேறும்போது கேட்பார்கள். அவசரத் தொலைபேசி எண்ணும் கேட்டில் தரும் தாளில் இருக்கும், போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். சிக்னல் கேம்ப்பைச் சுற்றி நன்றாக இருக்கும், நடுவில் விட்டு விட்டுத்தான் வரும்.

சாப்பாடு

ஊரிலிருந்து கறி, பழம், பால் பொருள், விதை எதுவும் கொண்டு போகாதீர்கள், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். தேவையும் இல்லை. 1860-இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து டர்பனுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் மக்களைக் கொண்டுபோய் இறக்கியதிலிருந்து, அந்த நாட்டுச் சமையலறையில் மசாலாவுக்குப் பஞ்சமில்லை. ம்போம்பேலாவின் சூப்பர் மார்க்கெட்டில் பருப்பு, மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், கறிப் பொடி எல்லாம் வாங்கினோம். அங்கே எல்லோர் வீட்டிலும் இருக்கும் டேஸ்டிக் அரிசி வேக வைத்துக் காய வைத்த அரிசி, கிட்டத்தட்ட நம் புழுங்கல் அரிசிதான், அம்மா ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

குடில்கள் பலவற்றில் சமையலறை இருக்கும், சிலதில் இருக்காது, பதியும்போதே பாருங்கள். இல்லையென்றால் பொதுச் சமையலிடத்தில் அடுப்பும் வெந்நீரும் உண்டு. ஒவ்வொரு குடிலின் முன்னாலும் கறி சுட இரும்புத் தட்டி வைத்த அடுப்பு இருக்கும், அதற்கு அங்கே பிராய் என்று பெயர், கேம்ப் கடையிலேயே விறகும் கரியும் கிடைக்கும். சின்ன எலக்ட்ரிக் குக்கர் கொண்டு போகிறீர்களா, அந்த ஊர் பிளக் பாயின்ட் நம் வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் இருக்கிற பெரிய மூன்று முள் வகை. போன் சார்ஜரின் சின்ன முள் அதில் நிற்காது, அடாப்டர் வேண்டும்.

குரங்குகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லோயர் சாபியில் ஃபிரிட்ஜ் வராந்தாவில்தான் இருந்தது, கதவுக்கு ஒரு கொக்கி. கொக்கியைப் போடாமல் குளிக்கப் போனேன், இரண்டே நிமிடம். வெளியே வந்தபோது ஒரு வெர்வெட் குரங்கு தக்காளிப் பையோடு கூரையில், இன்னொன்று முட்டை அட்டையைக் கவனமாக, உடையாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தது. வெங்காயத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள், கார் ஜன்னலைத் திறந்து வைத்துப் பிஸ்கட் சாப்பிடாதீர்கள், பாவம் என்று எதற்கும் எதையும் போடாதீர்கள். மனிதர் கையிலிருந்து வாங்கிப் பழகிய பபூன் குரங்கைக் கடைசியில் சுட்டுக் கொல்லும்படி ஆகிவிடுகிறது.

ஒரு நாளை எப்படி ஓட்டுவது

தார் ரோட்டில் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர், மண் ரோட்டில் 40. ரேடார் வைத்துப் பிடிக்கிறார்கள். ஆனால் 50-இல் போனால் எதையும் பார்க்க மாட்டீர்கள், 25, 30 போதும். நிறுத்தங்களையும் சேர்த்தால் மணிக்கு 20 கிலோமீட்டர்தான் நகர்வீர்கள் என்று வைத்துத் திட்டம் போடுங்கள். ஸ்குகூசாவிலிருந்து சதாரா 93 கிலோமீட்டர், வரைபடத்தில் விரலால் அளந்தால் பக்கம், உண்மையில் அது ஒரு நாள்.

கேம்ப் கேட் திறக்கும்போது வண்டி வரிசையில் நிற்க வேண்டும். மே மாதம் காலை ஆறு மணி. முதல் இரண்டு மணி நேரம்தான் தங்கம். சிங்கமும் கழுதைப்புலியும் இரவு வேலை முடித்து ரோட்டிலேயே நடந்து திரும்பும், மண் ரோடு அவற்றின் பாதத்துக்கு இதம் போல. ஒன்பது, பத்து மணிக்கு ஒரு பிக்னிக் இடத்தில் இறங்கிக் காலைச் சாப்பாடு. பதினொன்றுக்குக் கேம்ப்புக்குத் திரும்பி, சமைத்து, சாப்பிட்டு, தூங்கி, மூன்று மணிக்கு மறுபடி கிளம்பி, கேட் மூடும் நேரத்துக்கு அரை மணி முன்னால் கேம்ப் வாசலுக்கு வந்துவிட வேண்டும். தாமதித்தால் அபராதம், அதைவிட மோசம், கடைசிப் பத்து கிலோமீட்டரில் யானை ரோட்டை மறித்து நின்றால் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. மதியம் தூங்காமல் சுற்றினால் சாயங்காலம் பிள்ளைகள் அழுவார்கள். நீங்களும்தான்.

பாதைகளுக்கு எண் இருக்கிறது, எச் என்றால் முக்கியச் சாலை, எஸ் என்றால் கிளைச் சாலை. எனக்குப் பிடித்தவை இவை:

- எச்4-1: லோயர் சாபிக்கும் ஸ்குகூசாவுக்கும் நடுவில் சாபி ஆற்றை ஒட்டிப் போகும் தார் ரோடு. சிறுத்தைக்குப் பேர் போனது, அதனால் கூட்டத்துக்கும் பேர் போனது. கேட் திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள்.
- சன்செட் டேம்: லோயர் சாபி வாசலிலேயே. ஆரம்பத்தில் சொன்ன குளம் இதுதான். நீர்யானை முதுகில் நாரை நின்று மீன் பிடிப்பதை என் பெண் இங்கேதான் பார்த்தாள்.
- எச்10 வழியாக ட்சொக்வானே, அங்கிருந்து எச்1-3-இல் சதாரா: கேம்ப் மாறும் நாளுக்கு இந்த வழி. ட்சொக்வானேயில் இறங்கிச் சாப்பிடலாம்.
- எஸ்100: சதாராவுக்குக் கிழக்கே ஓடையை ஒட்டிய மண் ரோடு. சிங்கம். காலையில் மட்டும்.

சதாராவிலிருந்து ஒரு நாள் வடக்கே ஒலிஃபன்ட்ஸ் போய் வரலாம், 54 கிலோமீட்டர். மலை உச்சிக் கேம்ப்பிலிருந்து ஆறு எங்கோ கீழே தெரியும், யானைகள் எறும்பு மாதிரி. நேரமும் தெம்பும் இருந்தால் இன்னும் மேலே லெட்டாபாவில் யானைக் கூடம் ஒன்று உண்டு, ஷாவூ என்ற யானையின் மூன்று மீட்டருக்கும் நீளமான தந்தம் அங்கே இருக்கிறது. எங்களுக்கு நேரம் போதவில்லை.

பார்ப்பது எப்படி

முதல் நாள் நாங்கள் புதரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புதரின் ஊடே, அதற்குப் பின்னால் பார்க்கப் பழக வேண்டும். காட்டில் மரமும் கிளையும் மேல் நோக்கிப் போகும், மிருகத்தின் முதுகுதான் படுக்கைவாட்டில் இருக்கும், அந்தக் கோட்டைத் தேடுங்கள். அசையும் காது, ஆடும் வால் நுனி. ஆற்றோரப் பெரிய மரங்களில் படுக்கைக் கிளைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள், சிறுத்தை தெரியாது, கீழே தொங்கும் வால்தான் முதலில் தெரியும்.

இம்பாலாவை ‘அட, மறுபடியும் மான்தானா’ என்று கடந்து போகாதீர்கள். முழுக் கூட்டமும் மேய்வதை நிறுத்தி ஒரே திசையில் உறைந்து நின்றால், நீங்களும் அந்தத் திசையைப் பாருங்கள். மூக்கால் சீறுகிற மாதிரி ஓர் ஒலி எழுப்பும், அது எச்சரிக்கை. மரத்து உச்சியில் குரங்குகள் விடாமல் கத்தினாலும் அதே சேதிதான். பிணந்தின்னிக் கழுகுகள் வானில் வட்டமடித்தால் பெரிய அர்த்தம் இல்லை, ஒரே மரத்தில் பத்து கழுகுகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கீழே ஏதோ இரை கிடக்கிறது, அதன் பக்கத்தில் சொந்தக்காரரும் இருக்கிறார், அதனால்தான் அவை இறங்கவில்லை.

எதிரே வரும் வண்டிக்காரரிடம் பேசுங்கள். மெதுவாக்கி, ஜன்னலை இறக்கி, ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்பது அங்கே சகஜம். ஏழெட்டு வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் சிங்கம் இருக்கும், ஆனால் நாம் ஓரமாக நிறுத்தி, மற்றவர் வழியை மறிக்காமல், பத்து நிமிடம் பார்த்துவிட்டு இடம் விட வேண்டும். காண்டாமிருகத்தைப் பார்த்தால் படம் எடுங்கள், எந்த இடத்தில் என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள், போனில் எடுக்கும் படத்தில் இருப்பிடம் பதிவாவதை முன்பே நிறுத்திவிடுங்கள். கொம்புக்காகக் கொல்லுகிறவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள்.

யானை

குரூகரில் காருக்கு உண்மையான ஆபத்து சிங்கத்திடமிருந்து இல்லை, யானையிடமிருந்துதான். நம் ஊர் யானையைவிடப் பெரியது, பெண்ணுக்கும் தந்தம் உண்டு.

எஸ்28 என்ற மண் ரோட்டில் ஒரு மாலை. வளைவு திரும்பியதும் தனிக் கொம்பன் ஒன்று ரோட்டு நடுவில் எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது, நூறு மீட்டர் இருக்கும். நான் கேமராவை எடுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு, “மதநீர் ஒழுகுதுடா. வண்டியைப் பின்னாடி எடு” என்றார். கோயில் யானையைப் பார்த்துப் பழகிய கண். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கறுப்பாக ஒரு ஈரக் கோடு தாடை வரை வழிந்திருந்தது, பின்னங்கால்களின் உள்பக்கம் நனைந்து மினுமினுத்தது. ரிவர்ஸில் எடுத்தேன். அது வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, ரோடு தன்னுடையது என்ற நடையில் வந்துகொண்டே இருந்தது. கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் பின்னாலேயே போனோம், அதற்குப் பிறகு அதுவே ஒரு மரத்தடிக்குத் திரும்பிவிட்டது. அரை கிலோமீட்டர் ரிவர்ஸ் என்பது எவ்வளவு நீளம் என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஊரில் ஒரு மைதானத்தில் பழகிவிட்டுப் போங்கள்.

ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் கன்னத்தில் ஈரம் கசியும், அதனால் ஆண்தானா, பின்னங்கால் நனைந்திருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள். மதம் இல்லாத யானையிடமும் தள்ளியே நில்லுங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் வண்டி போகக் கூடாது. கூட்டம் ரோட்டைக் கடந்தால் கடைசி யானை போகும்வரை பொறுங்கள், கடைசி என்று நினைத்த பிறகு இன்னொன்று வரும். காதை விரித்து, தலையை உலுக்கி, தூசி கிளப்பினால் பெரும்பாலும் மிரட்டல். காதை ஒடுக்கி, தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தால் விளையாட்டில்லை. இரண்டில் எது என்று ஆராயும் அளவுக்குப் பக்கத்தில் நிற்பதே தப்பு. ஹாரன் அடிக்காதீர்கள், இன்ஜினை உறும வைக்காதீர்கள், எப்போதும் பின்னால் போக இடம் வைத்து நிறுத்துங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் கார் ஒட்டிக்கொண்டு நின்றால் இறங்காமல் கையால் சைகை காட்டிப் பின்னே போகச் சொல்லுங்கள்.

இறங்காதீர்கள்

பிக்னிக் இடம், கேம்ப், பலகை வைத்த காட்சி முனைகள், ஒலிஃபன்ட்ஸ், லெட்டாபா ஆற்றுப் பாலங்களில் கோடு போட்டிருக்கும் பகுதி தவிர வேறு எங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, ஜன்னலுக்கு வெளியே தலை, தோள் நீட்டக் கூடாது, சன்ரூஃப் வழியாக நிற்கவும் கூடாது. வண்டி நின்றுவிட்டால் உள்ளேயே உட்கார்ந்திருங்கள், அந்தப் பக்கம் யாராவது வருவார்கள். டிரோனுக்குத் தடை. அவ்வளவுதான், இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இந்த விதியால் வரும் நிஜப் பிரச்சினை வேறு: சிறுநீர். பிக்னிக் இடங்களுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் ஆகலாம். சின்னப் பையனுக்கு அகல வாய் பாட்டில், பெண் குழந்தைக்கு மூடி போட்ட சின்ன டாய்லெட் கோப்பை. பெரியவர்கள் காலைக் காபியை அளவோடு குடிப்பது நல்லது, இதை நான் கேட்கவில்லை.

பிள்ளைகளும் பாட்டியும்

ஆளுக்கொரு பைனாகுலர் வாங்குங்கள், விலை குறைந்ததே போதும். ஒன்றை வைத்து மூன்று பேர் சண்டை போட்டால் சிறுத்தை இறங்கிப் போய்விடும். கேம்ப் கடையில் வரைபடமும் மிருகப் படங்களும் சேர்ந்த புத்தகம் கிடைக்கும், அதில் பார்த்ததை டிக் செய்யும் வேலையை மூத்தவனிடம் கொடுத்தேன், இரண்டாம் நாளிலிருந்து போன் கேட்கவில்லை. பெரிய மிருகம் கிடைக்காத நேரத்துக்குப் பறவைகள்: ஊதா நெஞ்சோடு ஒரு பனங்காடை ரோட்டோரக் கிளைகளில் உட்கார்ந்திருக்கும், நம் ஊர்ப் பனங்காடையின் சொந்தம், சட்டை மட்டும் தீபாவளிச் சட்டை.

ஒரே ஒரு சாயங்காலம் பூங்கா வண்டியில் வழிகாட்டியோடு போங்கள். கேட் மூடிய பிறகு காட்டில் இருக்க அதுதான் வழி, விளக்கு வெளிச்சத்தில் புனுகுப் பூனையையும் கழுதைப்புலியையும் பார்ப்பீர்கள். ஆறு வயதுக்குக் கீழ் ஏற்ற மாட்டார்கள். காலை நடைப் பயணத்துக்கு 12 வயது முதல் 65 வரை, அதனால் எங்கள் வீட்டில் பாட்டியும் பேரப் பிள்ளைகளும் குடிலிலேயே இருந்தார்கள். திரும்பி வந்தபோது அம்மா, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு யானை வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனதாகச் சொன்னார். நாங்கள் நடையில் பார்த்தது காலடித் தடமும் சாணமும்.

கிளம்பும் நாள்

காலை பத்து மணிக்குள் குடிலைக் காலி செய்ய வேண்டும். அதனால் முந்தின ராத்திரியே பெட்டி கட்டிவிட்டு, விடிந்ததும் காருக்குள் எல்லாவற்றையும் ஏற்றிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஓட்டுங்கள். சதாராவிலிருந்து ஓர்ப்பன் கேட் 48 கிலோமீட்டர், எச்7 என்ற தார் ரோடு, இதுவும் ஒரு முழு சஃபாரிப் பாதைதான், ஏதோ வெளியேறும் வழி என்று விரட்டாதீர்கள். எங்களுக்கு ஆறு நாள் கிடைக்காத சிவிங்கிப்புலி, கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கறையான் புற்றின் மேல் உட்கார்ந்திருந்தது. கேட்டில் டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள், நுழைவுச் சீட்டைக் கேட்பார்கள். எங்கள் சீட்டு சமையல் பாத்திரப் பைக்குள், பருப்புக்கும் அடியில் இருந்தது. பின்னால் நான்கு கார்கள் காத்திருக்க, அம்மா ரோட்டோரத்தில் பையைக் கொட்டித் தேடி எடுத்தார்.